தங்கை இல்லாத சிப்பாய்

றீட்டாவுக்கு விண்வெளிக் கதைகள் என்றால் பிடிக்காது. ஆனாலும் சில வருடங்களாக அவளுக்குச் சோறு போடுவது அந்தக் கதைகள்தான். கொழும்பில் ஒரு சிறிய நிறுவனம் வெளிநாட்டுத் தொடர்களை வாங்கி, படத்துக்குக் கீழே தமிழ் வசனம் போட்டுத் தொலைக்காட்சிக்குக் கொடுக்கிறது. அந்த வசனத்தை எழுதுகிறவர்களில் அவளும் ஒருத்தி. பதுளைக்குப் பக்கத்து ஹாலிஎலையில் வாடகைக்கு எடுத்த அறையில், யன்னலோரம் மேசை போட்டு, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, வேற்றுக் கிரகத்து ஆட்கள் பேசுவதை எல்லாம் தமிழாக்கிக்கொண்டிருப்பாள். வீட்டுக்காரம்மா எட்டிப் பார்த்து என்ன படம் என்று கேட்டால், "சும்மா பேய்ப்படம் மாதிரிங்க" என்று சொல்லிவிடுவாள்.

அவள் பிறந்தது பூனாகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், லயம் என்கிற வரிசை வீடுகளில் ஒன்றில். அப்பா பாக்கியநாதன் தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் பகுதியில் வேலை செய்தார். தம்பி றொனி பிறந்த மறு வருடமே அம்மா மஞ்சள்காமாலையில் போய்விட்டார். அப்போது றீட்டா பள்ளிக்கூடத்தில் பெரிய வகுப்புக்கு வந்திருந்தாள். பள்ளிக்கூடம் விட்டதும் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவுக்கு ஓடி, தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டுதான் வீட்டுக்கு ஏறுவாள். அவன் முதன்முதலில் 'அம்மா' என்று கூப்பிட்டது அவளைத்தான். இல்லை, நான் அக்கா என்று திருத்தித் திருத்தி அவளுக்கு அலுத்துப்போனது.

படித்து முடித்ததும் ஆங்கில டியூஷன் சொல்லிக்கொடுக்கப் பதுளைக்கு வந்தாள். பசார் வீதிக்குப் பின்னால் நௌபர் என்பவரின் வீட்டு மாடியில் ஓர் அறை கிடைத்தது. நௌபருக்குக் கீழே முன்பக்கம் தையல் மெஷின் கடை. புது மெஷின் விற்பார், பழையதைத் திருத்துவார். மனைவி முஷ்ரிபா, மகள் நஸ்லியா. வாடகைக்காரியும் வீட்டுக்காரரும் என்று ஆரம்பித்த பழக்கம், வருடம் திரும்புவதற்குள் ஒரே அடுப்பில் தேத்தண்ணீர் வைக்கும் அளவுக்கு வந்துவிட்டது. அக்காவைத் தாத்தா என்றும் அண்ணனை நானா என்றும் கூப்பிடுவது அந்த வீட்டு வழக்கம். றீட்டாவும் முஷ்ரிபாவைத் தாத்தா என்றாள், நௌபரை நானா என்றாள். அவர்கள் எல்லோருக்கும் இவள் டீச்சர்.

நஸ்லியா தன்னுடைய ஆங்கிலப் பாடத்தை மாடிப்படியில் உட்கார்ந்து சத்தமாக ஒப்பிப்பாள். முஷ்ரிபாவுக்கும் ஆங்கிலம் வாசிக்க ஆசை. கணவருக்குத் தெரியாமல் மகளுடைய முதலாம் வகுப்புப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு மாடிக்கு வந்துவிடுவாள். "சிரிக்காதீங்க டீச்சர், எனக்கு கூச்சமா ஈக்கி" என்று சொல்லிக்கொண்டே எழுத்துக்கூட்டுவாள். மாதத்துக்கு ஒரு தடவை கொழும்பிலிருந்து மெஷின் மோட்டர்களும் வயர்களும் பெட்டி பெட்டியாக வந்து இறங்கும். பின்னறையில் மூன்று பெண்களுமாக உட்கார்ந்து அவற்றைத் தரம் பிரித்து விலைச்சீட்டு ஒட்டுவார்கள்.

விடுமுறை விட்டால் றொனி தோட்டத்திலிருந்து அக்காவிடம் வந்துவிடுவான். வந்தால் மாடியில் கால் தரிக்காது. கடையிலேயே கிடப்பான். நௌபர் பிரித்துப்போட்ட மெஷினை அவன் பூட்டிக் காட்டுவான். படிப்பு ஏறவில்லை. சாதாரண தரப் பரீட்சையில் கணக்குப் போய்விட்டது. தோட்டத்தில் கூலி வேலைக்குப் பெயர் பதிந்துவிடுவானோ என்று றீட்டாவுக்குப் பயம்.

"நானா, இவனுக்கு ஒரு வழி பண்ணுங்க. மலை வேலைக்கு மட்டும் அனுப்பிறாதீங்க" என்று நௌபரிடம் போய் நின்றவள் அவள்தான்.

நௌபர் யோசித்தார். "கொழும்புல என்ட கூட்டாளி ஒருத்தன் ஈக்கி. மெஷின் சாமான் கடை. நல்ல மனிசன். ஆனா டீச்சர், புள்ள தனிய நிப்பானா?"

"நிப்பான் நானா. நீங்க சொல்லிப் பாருங்க."

றொனி கொழும்பு புறக்கோட்டைக்குப் போனான். நன்றாகவே இருந்தான். முதல் சம்பளத்தில் அப்பாவுக்கு ஒரு குளிர்ச்சட்டையும் நஸ்லியாவுக்கு வண்ணப் பென்சில் பெட்டியும் வாங்கி வந்தான்.

இரண்டாயிரத்துப் பத்தொன்பதாம் ஆண்டு உயிர்த்த ஞாயிறுக்கு ஊருக்கு வர அவனுக்கு லீவு கிடைக்கவில்லை. சனிக்கிழமை றீட்டா அவனுக்குப் போன் எடுத்தாள். நாளைக்குக் கடை இல்லை, நன்றாகத் தூங்கப்போகிறேன் என்றான்.

"பெரிய நாளுடா. பூசைக்குப் போகாம தூங்குவியா? போயிட்டு வந்து தூங்கு."

"சரிக்கா, போறேன்."

அவன் போனான். அவன் போன தேவாலயத்தில்தான் குண்டு வெடித்தது.

ஞாயிறு முழுக்க அவனுடைய போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுப்பார் இல்லை. அப்புறம் அடிப்பதும் நின்றது. குண்டு வைத்தது ஒரு முஸ்லிம் தீவிரவாதக் கூட்டம் என்று செய்தி வந்தது. நாடெங்கும் ஊரடங்கு. தளர்த்திய முதல் நேரத்திலேயே நௌபர் தன் வேனை எடுத்தார். போகாதீங்க, ஒங்கட பேரப் பாத்தா என்ன செய்வாங்களோ தெரியாது என்று முஷ்ரிபா அழுதாள். "புள்ளய நான்தானே அங்க சேத்தேன். நான் போகாட்டி யாரு போற?" என்றார். நௌபரும் றீட்டாவும் பண்டாரவளையில் பாக்கியநாதனை ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் புறப்பட்டார்கள்.

வழியில் ஒரு சோதனைச் சாவடியில் அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு நௌபரை மட்டும் இறக்கினார்கள். கைகளைத் தூக்கச் சொல்லி வெயிலில் நிறுத்தினார்கள். வேனின் கதவைத் திறந்துகொண்டு றீட்டா குதித்து இறங்கினாள். தனக்குத் தெரிந்த சிங்களத்தில், இவர் எங்கள் ஆள், எங்கள் ஆள் என்று கத்தினாள். தம்பி உயிரோடு இருக்கிறானா என்று தெரியாத அந்த நேரத்திலும் அவளுக்கு அதில் சந்தேகமே இருக்கவில்லை.

பிணவறைக்குள் போகப் பாக்கியநாதனுக்குக் கால் எழவில்லை. றீட்டாவும் வாசலில் விழுந்துவிட்டாள். உள்ளே போய் இவன்தான் றொனி என்று சொன்னது நௌபர். வெளியே வந்து, சுவரில் கையை ஊன்றிக்கொண்டு, "டீச்சர், நீங்க பாக்க வேணாம்" என்று மட்டும் சொன்னார்.

பெட்டியை ஏற்றிய வண்டிக்குப் பின்னால் அவருடைய வேனும் தோட்டம் வரை வந்தது. தொழிற்சாலை வளைவில் நாலைந்து பேர் மறித்தார்கள். சொந்தக்காரர்கள்தான். அவரு இங்கேயே நிக்கட்டும் என்றார்கள். பாக்கியநாதனும் தலையைக் குனிந்துகொண்டு, "வேணாம் தொர, நீங்க வர வேணாம்" என்றார். அடக்கம் முடியும்வரை நௌபர் வேனோரம் தூறலில் நின்றார். றீட்டா மேலேயிருந்து அவரைப் பார்த்தாள். அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள்.

அந்த அப்புறம் வரவில்லை. அவள் சில வாரங்கள் லயத்திலேயே இருந்துவிட்டாள். அப்பாவின் தங்கை விஜயலெட்சுமி அத்தைதான் அவளைப் பார்த்துக்கொண்டாள். அத்தையைப்போல் மனசுக்காரி அந்த லயத்தில் கிடையாது. றீட்டா சாப்பிட மறுத்தபோது சோற்றைப் பிசைந்து, சின்னப் பிள்ளைக்குப்போல வாயில் ஊட்டினாள். தலையை மடியில் போட்டுப் பேன் பார்த்தாள். மற்றதையும் அவள்தான் ஊட்டினாள், அதே குரலில், அதே கையோடு.

"யாரு கண்ணு நம்ம பையன கொழும்புக்கு அனுப்புனது?"

"நான்தான் அத்தை கேட்டேன்."

"நீ கேட்ட. அனுப்புனது யாரு? அவனுங்களுக்கு எல்லாம் முன்னாடியே தெரியும்டி. இல்லாட்டி பொணம் பாக்க அப்புடி ஓடியாருவானா?"

"நானா அப்படிப்பட்டவரு இல்லை அத்தை."

"நீ சின்னப்புள்ள. நம்புற."

முதலில் றீட்டா எதிர்த்துப் பேசினாள். பிறகு பேசாமல் இருந்தாள். வருகிறவர்கள் எல்லோரும் போனில் எதையாவது காட்டினார்கள். எங்கோ எடுத்த படம், யாரோ பேசிய பேச்சு, முஸ்லிம் கடைச் சாப்பாட்டில் எதையோ கலந்தார்கள் என்ற கதை. துக்கம் கேட்க வந்தவர்கள் என்பதால் முகத்தைத் திருப்ப முடியவில்லை. அவளை மிகவும் நேசித்தவர்கள்தான் அதிகமாகச் சொன்னார்கள். இரவும் பகலும் அவளுக்குள் ஒரு கேள்வி அறுத்துக்கொண்டிருந்தது: பூசைக்குப் போ என்று சொன்னது யார்? அந்தக் கேள்வியிலிருந்து தப்ப ஒரு கதவு வேண்டியிருந்தது. அத்தை அதைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். ஒரு நாள் அடுத்த லயத்திலிருந்து வந்த ஒருத்தியிடம், "அந்தாளுதான் அனுப்பினாரு" என்று றீட்டாவே சொன்னாள். சொன்னதும் நெஞ்சில் பாரம் கொஞ்சம் இறங்கியது. அது அவளுக்கு நன்றாக நினைவிருக்கிறது.

பதுளைக்குத் திரும்பிய வாரத்தில் நௌபர் வீட்டைச் சோதனையிடப் பொலிஸார் வந்தார்கள். ஊரெல்லாம் சோதனை நடந்த காலம். பின்னறையில் மோட்டர்களும் வயர்களும் இருந்தன. ஓர் அதிகாரி மாடிக்கு ஏறி வந்து, கீழே பெட்டிகளில் இருப்பவை எதற்கு, யார் கொண்டுவருகிறார்கள் என்று றீட்டாவிடம் கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார். மேசையில் மாலை போட்டிருந்த றொனியின் படத்தைப் பார்த்துவிட்டுத் தொப்பியையும் கழற்றினார்.

பெட்டிகளில் இருப்பது என்ன என்று றீட்டாவுக்குத் தெரியும். ஒவ்வொன்றிலும் அவள் கையால் ஒட்டிய சீட்டு இருந்தது.

"தெரியாது" என்றாள்.

அவள் ஒருத்தி சொல்லியிருந்தால் விட்டிருப்பார்களா என்பது வேறு கதை. கடைச் சாமான் என்று நௌபர் சொன்னார், பக்கத்துக் கடைக்காரர்கள் சொன்னார்கள், யாரும் கேட்கவில்லை. அவரை வண்டியில் ஏற்றியபோது அவர் மாடியை நிமிர்ந்து பார்த்தார். டீச்சர் இறங்கி வந்து சொல்வாள் என்று எதிர்பார்த்திருக்கலாம். றீட்டா யன்னல் திரையை இழுத்துவிட்டாள். அந்த மாதமே அறையைக் காலிசெய்து ஹாலிஎலைக்குப் போனாள்.

நௌபர் அடுத்த வருடம்தான் சிறையிலிருந்து வெளியே வந்தார். வழக்கு என்று ஒன்றும் இருக்கவில்லை. சீனி வியாதி கூடி, ஒரு கால் புண்ணாகியிருந்தது. கடையை மூடியாயிற்று. இவையெல்லாம் றீட்டாவின் காதுக்கு வந்தன. கேட்டபோது பாவம் என்று அவளுக்குத் தோன்றவில்லை. றொனி வெளியே வரவில்லையே என்றுதான் தோன்றியது. பஸ்ஸில் ஒரு பர்தா போட்ட பெண் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் எழுந்து பின்னால் போய்விடுவாள். அத்தை சொல்லிக்கொடுத்ததை இப்போது அவளே டியூஷன் பிள்ளைகளின் தாய்மாருக்குச் சொல்லிக்கொடுத்தாள்.

பிறகு கொரோனா வந்தது, டியூஷன் நின்றது, இந்த வசன வேலை கிடைத்தது. கொழும்பில் அவளுக்கு வேலை பிரித்துக்கொடுப்பவள் நிலக்ஷனா என்ற பெண். நேரில் பார்த்ததில்லை, போனில் பழக்கம்.

போன வருடம், மழைக் காலம் தொடங்கிய சமயத்தில், நிலக்ஷனா ஒரு எபிசோடை அனுப்பினாள். "கொஞ்சம் சோகமான கதைக்கா. வசனம் கொஞ்சம்தான், சீக்கிரம் முடிஞ்சிரும்" என்றாள்.

கதை இதுதான். தூரத்து உலகமொன்றில் தலைமுறை தலைமுறையாகப் போர். அங்கே வந்து இறங்கும் ஒரு விண்கப்பலின் பெண் வைத்தியர், காயப்பட்ட சிப்பாய்களுக்கு மருந்து போடுகிறாள். காய்ச்சலில் ஒருவன் பிதற்றுகிறான்: என் தங்கச்சி கிணற்றடிக்குத் தண்ணீர் எடுக்கப் போனாள், அவர்கள் வந்தார்கள், அவளுடைய மஞ்சள் துணி மட்டும் கிணற்றுக்கட்டில் கிடந்தது. அடுத்த கட்டிலில் கிடப்பவனும் அதையே பிதற்றுகிறான். அதற்கடுத்தவனும். எல்லோருக்கும் ஒரே தங்கை, ஒரே கிணறு, ஒரே மஞ்சள் துணி. படையில் சேர்க்கும்போதே அந்த நினைவை ஒவ்வொருவன் மூளைக்குள்ளும் வைத்துவிடுகிறார்கள் என்பதை வைத்தியர் கண்டுபிடிக்கிறாள்.

அந்தச் சிப்பாய்கள் எதிரிக்குப் பெயரே சொல்வதில்லை. ஆங்கிலத்தில் வெறும் ஒரு சொல், 'தே' (they). தமிழில் அதற்கு எத்தனையோ சொற்கள் இருக்கின்றன. அவர்கள் என்று எழுதினால் மரியாதையாகிவிடுகிறது. எதிரிகள் என்றால் புத்தகத்தில் வாசிப்பதுபோல் இருக்கிறது. பல்லைக் கடித்துக்கொண்டு பேசும் அந்தச் சிப்பாயின் வாய்க்கு எது பொருந்தும் என்று றீட்டா அவன் குரலைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டாள். விரல்கள் தாமாகவே தட்டின: அவனுங்க.

சரியாகப் பொருந்திவிட்டது. அடுத்த வசனம், அதற்கடுத்தது, எல்லாம் கடகடவென்று ஓடின. 'அவனுங்களுக்கு எல்லாம் முன்னாடியே தெரியும்' என்று தட்டிய பிறகுதான் கை நின்றது. ஆங்கிலத்தில் அப்படி ஒரு வசனமே இல்லை. அவள் எழுதிக்கொண்டிருந்தது விஜயலெட்சுமி அத்தையின் பேச்சை.

அதை அழித்துவிட்டு மேலே போனாள். வைத்தியர் ஒரு சிப்பாயைத் தனியே கூப்பிட்டு உண்மையைக் காட்டுகிறாள். உன் ஊரில் கிணறே இல்லை, உன் தாய்க்கு நீ ஒரே பிள்ளை என்கிறாள். அவன் உடைந்து அழுகிறான். இல்லாத தங்கைக்காக அழுகிறான். அதை எடுத்துவிடு என்று கெஞ்சுகிறான். அவள் எடுத்துவிடுகிறாள். கண் விழித்தவனிடம் உன் தங்கை பெயர் என்ன என்றால், எனக்குத் தங்கை இல்லையே என்கிறான். வைத்தியர் சிரிக்கிறாள். அப்போது மருத்துவக் கூடாரத்துக்குள் எதிரிப் பக்கத்துக் காயக்காரன் ஒருவனைத் தூக்கி வருகிறார்கள். இவனுடைய கை தானாக முஷ்டி பிடிக்கிறது. ஏன், இப்போது என்ன காரணம் என்று வைத்தியர் கத்துகிறாள். அவன் தன் கையையே பார்க்கிறான்.

"தெரியாது" என்று தட்டினாள் றீட்டா.

எழுந்துபோய் முகம் கழுவினாள். அந்தச் சிப்பாய்க்காவது தங்கை இல்லை, தனக்குத் தம்பி இருந்தானே என்று நினைத்தாள். றொனி உண்மை. அவன் செத்தது உண்மை. அதை யாரும் தன் தலைக்குள் வைக்கவில்லை. ஆனால் நௌபர் நானா அனுப்பினார் என்பது? முன்னாடியே தெரியும் என்பது? ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தபோது எது எந்த வாயிலிருந்து வந்தது என்று அவளால் பெயர் சொல்ல முடிந்தது. இது கிணற்றடிக் கதை, இதுவும் கிணற்றடிக் கதை. எல்லாவற்றையும் கழித்த பிறகு மிஞ்சியது, தூறலில் வேனோரம் நின்ற ஒரு மனிதர்.

எபிசோடை அனுப்பிவிட்டுச் சில நாட்கள் யோசித்தாள். என்ன பேசுவது என்று மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். பிறகு ஒரு மத்தியானம் பஸ் ஏறிப் பதுளைக்குப் போனாள்.

முன்பக்கக் கடையில் இப்போது யாரோ போன் உறை விற்கிறார்கள். பக்கவாட்டுக் கதவைத் தட்டினாள். முஷ்ரிபா திறந்தாள். இளைத்திருந்தாள்.

"யாரு... டீச்சரா?"

"நான்தான் தாத்தா."

கதவை இன்னும் கொஞ்சம் திறந்து, "வாங்க, இரிங்க" என்றாள்.

தைத்துக் குவித்த பாடசாலைச் சட்டைகளை நாற்காலியிலிருந்து எடுத்து இடம் கொடுத்தாள். றீட்டா உட்கார்ந்ததும் மனப்பாடம் பண்ணி வந்ததெல்லாம் மறந்துபோனது.

"அன்னைக்கு மேல வந்து அந்தப் பெட்டிகளப் பத்தி கேட்டாங்க தாத்தா. எனக்குத் தெரியும். தெரிஞ்சும் தெரியாதுன்னு சொல்லிட்டேன்."

"நான் படியடியிலதானே நிண்டேன்" என்றாள் முஷ்ரிபா. "ஒங்கட சத்தம் எனக்குக் கேட்ட."

றீட்டா நிமிர்ந்து பார்த்தாள். "ஏன் தாத்தா என்கிட்ட ஒண்ணும் கேக்கல?"

"தம்பி மவுத்தான புள்ளக்கிட்ட போய் என்னத்த கேக்கிற? புள்ளக்கு புத்தி பேதலிச்சிப் போச்செண்டு நெனச்சேன். ஒவ்வொரு தொழுகையிலயும் ஒங்களுக்காக துஆ கேட்டேன். அவர் உள்ளுக்கு ஈக்கக்குள்ளயும் கேட்டேன்." நூல் ஒன்றைச் சட்டையிலிருந்து பிடுங்கினாள். "பொறகு கேக்க ஏலாமப் போச்சு டீச்சர். நாக்கு திரும்பல்ல. நான் என்ன செய்ய?"

உள்ளறைத் திரை விலகியது. நஸ்லியா. உயர்ந்து, தாயைவிட வளர்ந்திருந்தாள். றீட்டாவின் முகம் மலர்ந்தது. "நஸ்லியா, எவ்வளவு பெருசாயிட்ட!"

"எதுக்கு வந்தீக்கி?" நஸ்லியா தாயைப் பார்த்துத்தான் கேட்டாள்.

"சும்மா இரி. டீச்சர் மன்னிப்புக் கேக்க வந்தீக்கி."

"அப்ப ஸ்கூல்ல எனக்குப் பக்கத்துல யாரும் இருக்க மாட்டாங்க. பேக்க கொட்டிக் கொட்டிப் பாப்பாங்க. அதுல ரெண்டு பேரு டீச்சர்ட டியூஷன் புள்ளைகள். டீச்சர் சொன்னாங்களாம் எங்களோட சேரக் கூடாதெண்டு." அவள் குரல் உயரவே இல்லை. "இவளுகள் எல்லாம் இப்பிடித்தான் உம்மா. தேவைக்கு வருவாளுகள். நீங்க தேத்தண்ணி ஊத்த வேணாம்."

"நஸ்லியா!"

"நான் ஒண்டும் பொய் சொல்லல்லயே."

இவளுகள். மாடிப்படியில் உட்கார்ந்து ஆங்கிலம் ஒப்பித்த அதே வாய். றீட்டாவுக்கு அந்தச் சொல்லில் கோபம் வரவில்லை. அது எப்படி ஒரு பிள்ளைக்குள் போய்ச் சேர்கிறது என்பது அவளுக்குத் தெரியும். அதை எடுக்க வழி தெரியவில்லை.

அப்போதுதான் வாசல் இருண்டது. மத்தியான லுஹர் தொழுகை முடிந்து நௌபர் வந்திருந்தார். தாடி முழுக்க வெளுத்து நெஞ்சுவரை இறங்கியிருந்தது. தலையில் தொப்பி, வெள்ளை ஜுப்பா, ஒரு கையில் ஊன்றுகோல். வெளிச்சத்துக்கு எதிரே நின்றதால் முகம் தெரியவில்லை. உருவம் மட்டும்தான் தெரிந்தது.

அவரைப் பார்க்கத்தான் றீட்டா வந்தாள். காலில் விழுவதானாலும் சரி என்று நினைத்துத்தான் வந்தாள். ஆனால் எழுந்த மாத்திரத்தில் அவளுடைய கை, மடியிலிருந்த பையை அள்ளி நெஞ்சோடு அணைத்துக்கொண்டது. கால்கள் பின்னால் நகர்ந்தன. முதுகு சுவரில் முட்டிய பிறகுதான் தான் செய்ததை உணர்ந்தாள். முன்னால் வா, முன்னால் வா என்று தனக்குள் சொன்னாள். உடம்பு கேட்கவில்லை.

முஷ்ரிபா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். நஸ்லியாவும் பார்த்தாள்.

நௌபருக்கும் புரிந்துவிட்டது. வெளியே வந்ததிலிருந்து அவர் எத்தனையோ பேர் இப்படி ஒதுங்குவதைப் பார்த்திருப்பார். ஊன்றுகோலை மெல்ல எடுத்துவைத்து, வாசலை விட்டு விலகி, சுவரோரமாக ஒண்டிக்கொண்டு நின்றார்.

"போறதுண்டா போங்க டீச்சர்" என்றார். "நான் இஞ்சால ஓரமா நிக்கிறேன். பயப்படாதீங்க."

றீட்டா வாயைத் திறந்தாள். நானா என்ற அந்த ஒரு சொல்லாவது வந்திருக்கலாம். வரவில்லை. தலையைக் குனிந்துகொண்டு அவரைக் கடந்து வெளியேறினாள். பின்னால் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. சாத்தியது நஸ்லியாவாகத்தான் இருக்கும்.

அன்று சாயந்தரம் நிலக்ஷனா அவளுக்குப் போன் எடுத்தாள். "அக்கா, அவனுங்கன்னு போட்டிருக்கீங்கள்ல, அது கொஞ்சம் மோசமா இருக்காம். எதிரிகள்னு மாத்தச் சொல்றாங்க."

"மாத்தாத நிலக்ஷனா. அவன் அப்படித்தான் பேசுறான்."

"எனக்குப் புரியுதுக்கா. மேல இருக்கவங்க கேக்க மாட்டாங்க. டிவியில குடும்பத்தோட பாக்குறாங்கல்ல."

எதிரிகள் என்றே போட்டார்கள்.

அது ஒளிபரப்பான ஞாயிறு மத்தியானம் றீட்டா லயத்தில் அப்பாவோடு இருந்தாள். மகள் எழுதிய படம் என்று பாக்கியநாதன் அத்தையையும் கூப்பிட்டு உட்காரவைத்திருந்தார். வெளியே மழை, கரண்ட் போய்ப் போய் வந்துகொண்டிருந்தது. இருவரும் கண் கொட்டாமல் பார்த்தார்கள். ஓடும் எழுத்தை வாசிப்பது அப்பாவுக்குச் சிரமமாக இருந்ததால் றீட்டாவே வாய்விட்டு வாசித்தாள். கடைசியில் சிப்பாய் கூடாரத்தை விட்டு இறங்கி, துப்பாக்கியை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு தன் படையை நோக்கி நடந்தான். வைத்தியர் பின்னாலிருந்து கூப்பிடுகிறாள். அவன் திரும்பவில்லை.

"போறான் பாரு. ஆம்பளன்னா அவன்தான்" என்றார் பாக்கியநாதன். அவருக்குக் கண் கலங்கியிருந்தது.

"அப்பா, அவனுக்குத் தங்கச்சியே கெடையாது. அவனை ஏமாத்தியிருக்காங்க. அதைத்தான் படத்துல சொல்றாங்க."

விஜயலெட்சுமி அத்தை சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "பொய்யா இருந்தா என்னம்மா? அந்தப் புள்ளக்கி வலிச்சிச்சா இல்லியா? அந்த வலி பொய்யா?"

றீட்டா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாயில் சோறு ஊட்டியவள், மடியில் தலையைப் போட்டுக்கொண்டவள். இவளிடம் எங்கிருந்து ஆரம்பிப்பது?

"நௌபர் நானா வீட்டுக்குப் போனேன் அத்தை" என்றாள்.

அத்தையின் முகம் மாறியது. பாக்கியநாதன் எழுந்து டிவியின் சத்தத்தைக் கூட்டினார். விளம்பரம் போய்க்கொண்டிருந்தது. அதன் பிறகு அதைப் பற்றி அந்த வீட்டில் யாரும் பேசவில்லை. றீட்டாவும் பேசவில்லை.

ஹாலிஎலையிலிருந்து பதுளைக்குப் போகும் நாட்களில் அவள் இன்னும் பசார் வீதியைத் தவிர்த்துச் சுற்றிக்கொண்டுதான் போகிறாள். எதிரே நௌபர் வந்தால் தன் கால் எந்தப் பக்கம் நகரும் என்று அவளால் சொல்ல முடியாது. நகராமல் நிற்கப் பழக்கலாம் என்று நினைத்து, பஸ்ஸில் தொப்பி போட்ட கிழவர் யாராவது ஏறினால் அவருக்குப் பக்கத்து இருக்கையிலேயே போய் உட்கார்ந்து பார்க்கிறாள். பையைப் பிடித்திருக்கும் கை இறுகுகிறது. இறங்கும்வரை இறுகியே இருக்கிறது.

நிலக்ஷனா அந்தத் தொடரின் அடுத்த பகுதியை அனுப்பியிருக்கிறாள். இதில் போர் இல்லை. ஒரு கப்பலில் தண்ணீர் தீர்ந்துபோகிறது, யாருக்கு முதலில் கொடுப்பது என்று பேசிக்கொள்கிறார்கள். பாதி முடித்துவிட்டாள். வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்க வேண்டும்.